பெயர் மாறாத மூன்று ஃபைல்கள்

நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களில் நானூற்று ஒன்பது சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்று கேட்கவில்லை.

ஜயலக்ஷ்மி திரையை மறுபடி மேலிருந்து கீழாக ஓட்டினாள். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் முன்னால் அது யாருடையது என்று ஒரு பத்தி இருக்கும். சங்கர், சங்கர், நாச்சி, சங்கர், நாச்சி என்று லாபில் பரிசோதிக்கிற இருவர் பெயராக ஒழுங்காக இறங்கி வந்த அந்தப் பத்தி, லாட் 212, 213, 214 என்ற மூன்று வரிகளில் மட்டும் ஜயா, ஜயா, ஜயா என்று அவள் பெயரிலேயே நின்றது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அந்த மூன்றையும் சங்கர் பெயருக்கு மாற்றி, மாறிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொள்ளத் திரும்பியிருந்தாள். காப்பி ஆறக்கூட இல்லை.

எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தறிகள் எல்லாம் நின்று, மில்லே ஓய்ந்து கிடக்கும்போது, அவள் ஒருத்தி மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்து இந்தக் குளிரறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி. இன்னும் இரண்டு மாதத்தில் இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வருஷம் மறந்துபோகும் என்று எல்லோரும் அலறிக்கொண்டிருந்த சமயம். மில்லிலிருந்து ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி வாங்கும் ஜெர்மனிக் கம்பெனியும் அலறியது. பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் காட்டும் வெப் சர்வரின் மென்பொருளைத் திங்கட்கிழமைக்குள் புதிய பதிப்புக்கு மாற்றியாக வேண்டும், எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்திருந்தது.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யைப் போட்டால் அதுவே ஏறிக்கொள்ளும். ஆனால் புதுப் பதிப்பு ஏறும்போது பழைய ஏற்பாட்டையெல்லாம் கலைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எல்லா ஃபைல்களையும் பிரதி எடுத்து, எது யாருடையது என்று நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கறகறவென்று அடித்து எடுத்து வைத்திருந்தாள். பிரதியை அவள் திரும்ப இறக்கியதால் எல்லாமே அவள் பெயரில் வந்து இறங்கின. அதுவும் எதிர்பார்த்ததுதான். பட்டியலைப் பார்த்து அவரவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டியது. அரை மணி நேர வேலை. இப்போது மூன்று மணி நேரமாகிறது.

மறுபடி கட்டளையை அடித்தாள். மூன்றும் சங்கர் என்று காட்டின. அவள் கண்ணை எடுக்கவில்லை. திரையின் பச்சை எழுத்துகள் கண்ணுக்குள் குத்தின. ஒரு நிமிடம் போயிற்று. புதிதாகப் பட்டியல் கேட்டாள். சங்கர். இன்னொரு முறை கேட்டாள். சங்கர். பக்கத்து அறையில், மூடிக்கிடந்த லாபில், இரும்பு ஸ்டூல் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் தூரம் இழுபடுவது போலச் சத்தம் கேட்டது. திரும்பிக் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். உள்ளே இருட்டு. எலியாக இருக்கும். திரையைப் பார்த்தபோது ஜயா, ஜயா, ஜயா.

"என்ன எழவுடா இது" என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டில் அம்மா காதில் விழுந்திருந்தால் அன்று முழுக்கத் திட்டு வாங்கியிருப்பாள்.

பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. அதற்கும் காரணம் அவளே. வெப் பக்கத்தில் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் 'பரிசோதித்தவர்' என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் ஃபைல் யாருடையதோ அவருடையதாக, தானாகவே வந்து விழும்படி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் எழுதி வைத்தாள். லாப் கெமிஸ்ட் சங்கரலிங்கத்துக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. மேல்துணியில் டிஞ்சர் வாசனையோடு வந்து திரையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லதும்மா. நான் பாத்த லாட்டுக்கு எம்பேரு வரணும். பாக்காததுக்கு வரக்கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

இந்த வருஷம் ஆனியில், 212, 213, 214 ஆகிய மூன்று லாட் பேண்டேஜ் துணியையும் பரிசோதிக்காமலே அனுப்பும்படி மேனேஜர் ஞானதுரை அவசரப்படுத்தினார். கப்பலுக்கு நேரமாகிவிட்டதாம். சங்கரலிங்கம் மாட்டேன் என்றார். சரக்கு போய்விட்டது. ரிப்போர்ட் மட்டும் நின்றது. நான்கு நாள் கழித்து, லாபில் துணி வேகவைக்கும் ஆட்டோகிளேவ் பக்கத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மாரடைத்துச் செத்துப்போனார். காலையில் கூட்ட வந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ஞானதுரை அவளுடைய மேசைக்கு வந்தார். "அந்த மூணையும் சங்கரலிங்கம் பேர்ல போட்டு விட்ருமா. அவியளா வந்து கேக்கப் போறாவ" என்றார். அவள் போட்டாள். பொய் எண்களை அவளே அடித்து, மூன்று ஃபைல் உண்டாக்கி, சங்கரலிங்கத்தின் பெயருக்கு மாற்றினாள். அவர் பெயர் கம்ப்யூட்டரில் வேண்டும் என்பதற்காகவே அவருடைய லாகினையும் அழிக்காமல் விட்டாள். தப்பு என்று தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் போட்டாள்.

இப்போது ஜெர்மனியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு ஆபரேஷன் புண் சீழ் பிடித்துவிட்டதாம். துணி 213-ஆம் லாட். நாளை வருகிறவன் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடியில் இருக்கும் பெயரைப் படித்து, அந்த ஆளைக் கூப்பிடு என்பான். செத்தவர் பெயர் இருந்தால் பழி செத்தவரோடு போய்விடும். பேக்கிங்கில் வேலை பார்க்கும் அவர் மனைவி செல்லக்கனியை வேண்டுமானால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அங்கே ஜயா என்று இருந்தால் போலீஸ் வரும். வாழ்க்கை போய்விடும்.

ஞானதுரைக்குப் போன் போட்டாள். சர்ச்சிலிருந்து வந்து தூங்கி எழுந்த குரலில் பேசினார்.

"சார், அந்த மூணு ஃபைல் மட்டும் என் பேருக்கே திரும்பிடறது. எத்தனை தடவை மாத்தினாலும்."

"மிஷின் தானா எப்படிம்மா திரும்பும்? நீ ஏதாச்சும் மறந்துருப்ப."

"நான் ஒண்ணும் மறக்கலை சார்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. காலையில ஒம்பது மணிக்கு வெள்ளக்காரன் வருதான். அந்த எடத்துல சங்கரலிங்கம் பேரு இருக்கணும். உனக்காகத்தாம்மா சொல்லுதேன்." வைத்துவிட்டார்.

உனக்காகவாம். ரிசீவரை ஓங்கி வைத்தாள்.

புதுப் பதிப்பை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். சி.டி. சுற்றும் இரைச்சல், மேலே ஏ.சி.யின் உறுமல், யு.பி.எஸ்ஸின் இடைவிடாத முனகல், இவற்றுக்கெல்லாம் அடியில் லாப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு சீறல். முதலில் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தாள். பிறகு வாசனை வந்தது. ஈரத் துணி வேகும் வாசனை, அதோடு டிஞ்சர். வேலை நாட்களில் அந்த வாசனை இல்லாத நேரமே கிடையாது என்பதால் கொஞ்ச நேரம் அது தப்பாகவே படவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

கதவைத் தட்டிவிட்டு வாட்ச்மேன் ஆண்டிச்சாமி தலையை நீட்டினான்.

"ஜயாம்மா, லாப்ல யாரும் இருக்காவளா?"

"இல்லையே. ஏன்?"

"பின்னாடி பைப்புல ஸ்டீம் போவுது. பாய்லர் இன்னைக்கு ஓடலையே, அதான் கேட்டேன்." தலையைச் சொறிந்தான். "லாப் சாவி எங்கிட்டதான் இருக்கு. தெறந்து பாக்கட்டுமா?"

அவள் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். உள்பக்கமாகக் கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தது.

"வேண்டாம்" என்றாள். தன் குரலே அவளுக்குச் சின்னதாகக் கேட்டது. "செத்த நேரத்துல முடிச்சுட்டு நானே கெளம்பிடுவேன்."

"மழை இருட்டிட்டு வருது. வெரசா கெளம்புங்க" என்று சொல்லி, லாப் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்டுக்குப் போய்விட்டான்.

ஏற்றி முடித்தாள். பிரதியை இறக்கினாள். பட்டியல்படி மாற்றினாள். நானூற்று ஒன்பது மாறின. மூன்றும் மாறின. ஸ்டூல் இழுபட்டது. மூன்றும் திரும்பின.

அழுகை முட்டியது. பயத்தினாலா எரிச்சலினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. மேசையைக் குத்தினாள். "சார், போதும் சார். எனக்கு வேற வழியில்லை சார்" என்று கண்ணாடித் தடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகு தன் மேலேயே வெட்கமாக இருந்தது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண். எலியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் உண்டாக்கிய ஃபைல் அவள் பெயருக்குத் திரும்புகிறது. அப்படியானால் சங்கரலிங்கமே உண்டாக்கினால்? அவருடைய லாகினில் உள்ளே போய், அங்கிருந்து அந்த மூன்றையும் புதிதாகப் பிரதி எடுத்துவிட்டால் பிறவியிலேயே அவை அவருடையவை. மாற்றவே தேவையில்லை. இது ஏன் இவ்வளவு நேரமாகத் தோன்றவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். அவருடைய பாஸ்வேர்டு தெரியாது. தெரிய வேண்டியதில்லை, நிர்வாகி அதிகாரத்தில் புதிதாக ஒன்று வைத்தாள். தன் லாகினிலிருந்து வெளியே வந்தாள். பெயர் கேட்டது. சங்கர் என்று அடித்தாள்.

உள்ளே விட்டது. வழக்கம் போல முதல் வரியில், இந்தப் பெயரில் கடைசியாக யார் எப்போது வந்து போனார்கள் என்று காட்டியது.

இன்று. மாலை நான்கு ஐம்பத்தாறு. லாப் டெர்மினலில் இருந்து.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு ஐம்பத்தேழு.

சீறல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. திரும்பினால் வேலை முடியாது. நாளை ஒன்பது மணி. மூன்று பிரதி. மூன்றே கட்டளை. விரல்கள் மரத்திருந்தன, தப்பும் தவறுமாக அடித்து அழித்து மறுபடி அடித்தாள். 212. 213. 214. பட்டியல் கேட்டாள்.

சங்கர். சங்கர். சங்கர்.

காத்திருந்தாள். ஸ்டூல் இழுபடவில்லை. மறுபடி கேட்டாள். சங்கர். ஐந்து நிமிடம். சங்கர். அசையவில்லை. பழைய மூன்றையும் நீக்கினாள். அப்போதும் அசையவில்லை.

பெருமூச்சு விட்டாள். மார்பில் இடது பக்கம் ஏதோ பிடித்துக்கொண்டாற்போல வலித்தது. இத்தனை நேரம் குளிரில் குனிந்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்.

வெளியே கேட்டு கிரீச்சிடும் சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமியின் குரல், மழைத்தூறலுக்கு மேலே உரக்க:

"ஜயாம்மா, கொடை இருக்கா? பஸ் வருது பாருங்க, ஓடுங்க."

யாரைச் சொல்கிறான்?

பஸ் நிற்கும் சத்தம். விசில். கிளம்பும் சத்தம். அவள் நாற்காலியில் அப்படியே இருந்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாள். கால் எழவில்லை. மேசை மேல் அவளுடைய ஹேண்ட்பேக் இல்லை. தோளில் சால்வை இல்லை. ஃபிளாஸ்க் இல்லை. எப்போது யார் வந்து எடுத்தார்கள்? கதவு இருந்தது அவள் முதுகுக்குப் பின்னால். மூன்றடி தூரத்தில்.

சங்கரின் லாகினிலிருந்து வெளியே வந்தாள். ஜயா என்று அடித்தாள். பாஸ்வேர்டு அடித்தாள்.

தவறு என்றது.

நிதானமாக, எழுத்து எழுத்தாக அடித்தாள். நான்கு வருஷமாக அடிக்கும் பாஸ்வேர்டு. தவறு. மறுபடி. தவறு. சங்கர் என்று அடித்தாள். உள்ளே விட்டது.

எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. இருட்டிவிட்டது. திரையின் பச்சை மட்டும். ரிசீவரை எடுத்து வீட்டு நம்பரைச் சுழற்றினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மணி அடித்தது. அம்மா அம்புஜவல்லிதான் எடுத்தாள். பின்னால் கோயில் நாதஸ்வரம் கேட்டது.

"அம்மா."

"யாரு?"

"நான்தாம்மா. ஜயா."

அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, வேற்று ஆம்பிளைகளிடம் பேசும் அந்த மரியாதைக் குரலில், "ஜயாகிட்டப் பேசணுமா? ஆபீஸ்லேர்ந்தா பேசறேள்? இப்பத்தான் வந்தா. நனைஞ்சுட்டா பாவம். செத்த இருங்கோ, கூப்பிடறேன்" என்றாள்.

"அம்மா, வேண்டாம். அவளை உள்ள விடாதே. அம்மா..."

ரிசீவரை மரப்பலகையில் வைக்கும் சத்தம். கொலுசுச் சத்தம். அவளுக்குத் தெரிந்த கொலுசு. யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"சார்" என்றது அவளுடைய குரல்.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூணும் உங்க பேர்ல நின்னுடுத்தா சார்?" இதமாக, அவள் எப்போதும் கேட்பது போலவே கேட்டது. "நாளைக்கு அவா வந்து கேட்டா நீங்களே சொல்லிடுங்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

போன் வைக்கப்பட்டது.

ஓடினாள். நடைவழி. படி. மழை. முகத்தில் தூறல் படுவது தெரியவில்லை. கேட்டு விளக்கு எரிந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு, வெளியே ரோட்டோரக் கடையில் வாங்கிய டீயோடு ஆண்டிச்சாமி திரும்பி வந்துகொண்டிருந்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, கதவைத் தெறங்க. நான் வீட்டுக்குப் போகணும். அம்மா தனியா இருக்கா."

டீக் கிளாஸ் விழுந்து உடைந்தது.

ஆண்டிச்சாமி அவளையே பார்த்தான். வாய் கோணியது. ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி" என்றான். "வேண்டாம் அண்ணாச்சி. நான் புள்ள குட்டிக்காரன். எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி."

"நான் ஜயாண்ணே."

"உள்ள போயிருங்க அண்ணாச்சி. செல்லக்கனி அக்காளை நாங்க பாத்துக்கிடுதோம். சத்தியமா பாத்துக்கிடுதோம். உள்ள போயிருங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடே தவழ்ந்து வந்து, கையால் கேட்டைத் தடவிச் சங்கிலியைக் கண்டுபிடித்தான். பூட்டின் மேலேயே இன்னொரு சுற்றுச் சுற்றினான். அவள் கம்பியை விடவில்லை. விடமாட்டேன் என்று இன்னும் இறுகப் பிடித்தாள். விரல் நசுங்கினாலும் சரி.

சங்கிலி அவள் பத்து விரல்களின் மேலேயும் வந்தது. எதிலும் தட்டாமல், நேராகக் கம்பியில் போய் இறுகியது.